சீதனம் வாங்கியவளுக்குப் பங்கு இல்லையா?

கேள்வி: எனக்கு 44 வயது. தக்கலை பக்கத்தில் தையல் வேலை செய்கிறேன். கிறிஸ்தவக் குடும்பம். சென்ற ஆண்டு அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். வீட்டோடு 15 சென்ட், ரப்பர் நிற்கும் 1 ஏக்கர் 20 சென்ட், எல்லாம் அவரே வாங்கியது. “கல்யாணத்துக்கு 30 பவுன் போட்டாயிற்றே, இனி உனக்கு என்ன?” என்று கேட்டு, இரண்டு அண்ணன்மாரும், என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக்கு அழைக்கிறார்கள். நகலை இணைத்திருக்கிறேன். அம்மாவும் “மக்களே, போட்டுக் கொடுத்துவிடு” என்கிறார். வழக்குக்குப் போக என்னிடம் பணமும் இல்லை. என்ன செய்வது?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள், சகோதரி. இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் வரையாவது.

நீங்கள் அனுப்பிய நகலின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. ‘எனக்குச் சேர வேண்டிய பாகத்தைத் திருமண வேளையில் சீதனமாகப் பெற்றுக்கொண்டபடியால், மேற்படி சொத்தில் எனக்கு யாதொரு உரிமையும் பாத்தியதையும் இல்லை.’ பத்திர எழுத்தரின் கை பழகிப்போன வரி. அதன் வேர் 1916-இல் திருவிதாங்கூர் போட்ட கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தில் இருக்கிறது. மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. சீதனம் கொடுத்துவிட்டால் அதுவும் கிடையாது. 1956-இல் நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அந்தக் கணக்கும் கூடவே வந்துவிட்டது.

ஆனால் அந்தச் சட்டம் செத்து வெகுகாலமாகிறது. கோட்டயத்து மேரி ராய் தன் பங்கைக் கேட்டுத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-இல் தீர்ப்புச் சொன்னது: 1951 ஏப்ரல் 1 முதலே பழைய திருவிதாங்கூர்ச் சட்டம் செல்லாது, 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும். நாம் இப்போது தமிழ்நாட்டில் இருந்தாலும் பழைய திருவிதாங்கூர் மண்தானே.

அதன்படி, உயில் இல்லாத சொத்தில் மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கு. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மொத்தம் 135 சென்ட்டை அளவாக மட்டும் பார்த்தால் அம்மாவுக்கு 45, உங்கள் மூவருக்கும் ஆளுக்கு 30. வீட்டு மனையும் ரப்பரும் ஒரே விலை போகாது. அதைப் பேசும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அந்த 30 பவுன்? அதே சட்டத்தின் 49-ஆம் பிரிவைப் படியுங்கள். தகப்பன் உயிரோடு இருக்கையில் பிள்ளையின் வாழ்க்கைக்கென்று கொடுத்த பணத்தையோ பொருளையோ பங்கு பிரிக்கும்போது கணக்கில் கழிக்கக் கூடாது என்கிறது. அண்ணன்களைப் படிக்க வைத்த செலவை யாரும் கழிக்கவில்லை அல்லவா? (கேட்டால் ‘அது வேறு, இது வேறு’ என்பார்கள். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள்.)

பணமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் வைக்கவில்லை. பெண் என்பதே போதும். வழக்கறிஞரும் இலவசம், நீதிமன்றக் கட்டணமும் உங்கள் தலையில் விழாது. பத்மநாபபுரம் நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கிறது, உங்களுக்குப் பஸ் தூரம்தான். மாவட்ட ஆணையம் நாகர்கோவிலில். போகுமுன் சட்ட உதவி எண்ணான 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, தீர்வை ரசீது, இந்தப் பத்திர நகல் நான்கையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள்.

எடுத்த எடுப்பில் வழக்கு என்று பயப்பட வேண்டாம். வழக்குக்கு முந்தைய சமரசம் வேண்டும் என்று மனுக் கொடுங்கள். அண்ணன்மாருக்கு நோட்டீஸ் போகும், உட்கார்ந்து பேசுவார்கள். பேசி முடித்ததை, இந்தக் குழுக்கள் நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) உடன்பட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் மேல்முறையீடு இல்லை. மனம் ஒப்பி விட்டுக்கொடுப்பதானால் அதையும் அங்கேயே செய்யலாம், ஆனால் என்ன விலைக்கு என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் இன்றைக்கே கேளுங்கள். சொத்தில் பெரிய பங்கு அம்மாவுடையது. அதே எழுத்தர் அம்மாவுக்கும் ஒரு பத்திரம் எழுதி வைத்திருக்கிறாரா? அம்மாவும் கையெழுத்துப் போட்டுவிட்டால், இருக்கிற வீடே அவர் பெயரில் இராது. முடிந்தால் பத்மநாபபுரத்துக்கு அவரையும் அழைத்துப் போங்கள்.