லேப் ரிப்போர்ட்டில் எந்த மெஷின், எந்த முறை என்பதையெல்லாம் நாம் பார்க்க வேண்டுமா?

இரண்டு லேபில் கொடுத்து இரண்டு விதமாக வந்ததால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கட்டாயம் பாருங்கள். பரிசோதனையின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஹெச்பிஎல்சி, சிஎல்ஐஏ, ஈசிஎல்ஐஏ என்று ஏதாவது பெரும்பாலும் இருக்கும். அதுதான் முறை. மெஷின் பெயரைச் சில லேப்கள்தான் போடும். இல்லாவிட்டால் கேளுங்கள்.

நான் 14 வருடமாக லேப் டெக்னீஷியன். மூன்று வருடம் முன்பு ஒரு அம்மா இரண்டு ரிப்போர்ட்டையும் கவுண்டரில் விரித்து வைத்துச் சண்டைக்கு வந்தார். முந்தின நாள் வேறொரு லேபில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் 0.08, தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 அதிகம். அதாவது தைராய்டு மிகையாகச் சுரக்கிறது. எங்களிடம் டிஎஸ்ஹெச் 2.6, நார்மல். "அது பெரிய லேப். உங்க மெஷின்தான் ரிப்பேர்" என்றார். காலையில் கன்ட்ரோல், அதாவது அளவு முன்பே தெரிந்த சாம்பிள் ஓட்டி, இரண்டு லெவலும் சரியாக வந்த பிறகுதான் நான் சாம்பிளை ஏற்றியிருந்தேன். அதை அவருக்கு எப்படிப் புரிய வைப்பது?

எங்கள் ரிப்போர்ட்டில் சிஎல்ஐஏ என்று இருந்தது. அந்த ரிப்போர்ட்டில் எதுவுமே இல்லை. அங்கே வேலை பார்க்கும் நண்பரிடம் போனில் கேட்டேன், ஈசிஎல்ஐஏ. சட்டென்று தோன்றியது. "முடி கொட்டுறதுக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?" ஹேண்ட்பேக்கிலிருந்து பாதி காலியான அட்டையை எடுத்தார். பயோட்டின் என்ற வைட்டமின், 10 மில்லிகிராம்.

அந்த லேபின் கிட்டில் (பரிசோதனை ரசாயனங்கள்) பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒட்டிக்கொள்வதை வைத்துத்தான் அளக்கிறார்கள். ரத்தத்தில் பயோட்டின் எக்கச்சக்கமாக இருந்தால் அது போய் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். டிஎஸ்ஹெச் குறைந்தும் ஃப்ரீ டி4 கூடியும் காட்டும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017 நவம்பரிலேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. எங்கள் கிட்டில் அந்த ஒட்டு வேலை இல்லை. மாத்திரையை மூன்று நாள் நிறுத்திவிட்டு அதே லேபில் மறுபடி கொடுத்தார். 2.4 வந்தது.

உடனே "ஈசிஎல்ஐஏ மட்டமா?" என்று யாரும் வர வேண்டாம். அருமையான முறை, புதிய கிட்களில் இந்தத் தொல்லையை வெகுவாகக் குறைத்தும்விட்டார்கள். சிஎல்ஐஏ கிட்கள் சிலவற்றிலும் பயோட்டின் உண்டு. அதனால்தான் முறையோடு மெஷின் பெயரும் வேண்டும் என்கிறேன்.

இதைப் போட ரிப்போர்ட்டில் இடமில்லை என்கிறார்கள். பாதிப் பக்கத்துக்கு லோகோ மட்டும் போட முடிகிறது. கீழே டாக்டர் கையெழுத்து இருக்கும், மெஷின் முன்னால் நின்றவர் பெயர் எங்கேயும் இருக்காது. என் சம்பளம் இன்னும் இருபதாயிரத்தைத் தாண்டவில்லை. ரிசல்ட்டில் சந்தேகம் என்றால் மட்டும் "டெக்னீஷியனைக் கூப்பிடு" என்பார்கள்.

சரி, இன்னொன்று. எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) பக்கத்தில் 'கால்குலேட்டட்' என்று இருந்தால், அது நேரடியாக அளக்காமல் மற்ற அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டது, ட்ரைகிளிசரைடையும் பாருங்கள். அது 400-ஐத் தாண்டியிருந்தால் அந்தக் கணக்கு சரிவராது, டைரக்ட் எல்டிஎல் பார்க்கச் சொல்லுங்கள்.