கலியாணப் புளூரேயில் சேர்க்கும் மேலதிகப் பகுதிகளும் எச்டியிலேயே இருக்க வேணுமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் நடந்த கலியாண வீடியோவைப் புளூரேயில் போட்டு கனடா, லண்டன், பரிஸ் சொந்தங்களுக்கு அனுப்பப் போகிறோம். கலியாணம் இரண்டரை மணித்தியாலம். அதோடு அம்மா அப்பாவின் பழைய கலியாணக் கசெற் (40 நிமிடம்), பழைய படங்களின் தொகுப்பு (12 நிமிடம்), வெளிநாட்டுச் சொந்தங்கள் அனுப்பிய வாழ்த்துகள் (20 நிமிடம்) மூன்றையும் மேலதிகமாகச் சேர்க்க விருப்பம். எல்லாத்தையும் எச்டி ஆக்க வீடியோக்காரர் தனிக்காசு கேட்கிறார். தேவைதானா?

பதில்:

கசெற்றுக்குத் தேவையில்லை. படங்களுக்குக் கட்டாயம் தேவை. வாழ்த்துகள் எந்த வழியால் வந்து சேர்ந்தன என்பதைப் பார்த்துத்தான் சொல்லலாம். ஆனால் காசு பேசுவதற்கு முதல் வீடியோக்காரரிடம் வேறொன்று கேளுங்கள்: மேலதிகப் பகுதிகள் 50 ஹேர்ட்ஸா, 60 ஹேர்ட்ஸா, அதாவது செக்கனுக்கு எத்தனை தரம் படம் மாறும்? ரொறன்ரோவில் கலியாணம் வடிவாக ஓடும், மேலதிகப் பகுதியை அமத்தினால் கறுப்புத் திரை மட்டும் நிற்கும். எச்டி இல்லாததால் அப்படி வருவதில்லை. இந்தக் கணக்குப் பிழைத்தால்தான் வரும். அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் கசெற். விஎச்எஸ் நாடாவில் பதிந்திருக்கும் விபரம் கிடையாகச் சுமார் 240 வரி. அதை எஸ்டி எனும் பழைய ரிவி அளவான 720×576இல் பிடித்தாலே நாடாவில் உள்ளதெல்லாம் தாராளமாக அடங்கிவிடும். 576 வரியை எச்டியின் 1080 ஆக்குவது 1.875 மடங்கு பெருப்பிப்பது. முகம் பெருக்கும், கூடவே நாடாவின் இரைச்சல் புள்ளிகளும் பெருக்கும். வீடியோவை நெருக்கும் என்கோடர் அந்தப் புள்ளிகளுக்கே தன் பிட்டுகளைச் செலவழிக்கும். செயற்கை நுண்ணறிவு மென்பொருளால் 'தெளிவாக்கித் தாறன்' என்று யாராவது சொன்னால், அம்மம்மா நிற்கும் ஒரு காட்சியை மட்டும் மாதிரிக்குச் செய்து காட்டச் சொல்லுங்கள். இல்லாத விபரத்தை அது ஊகித்துப் போடும். தோல் மெழுகாகும், கண் வேறு யாரோவின் கண்ணாகும். இறந்துபோனவர்களின் படத்தில் இந்த வேலை வேண்டாம் என்பது என் கருத்து.

பெருப்பிக்கிற காசை நாடாவைப் பிடிக்கிற வேலைக்குக் கொடுத்தால் பலன் கண்ணுக்குத் தெரியும். நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் இருந்தால் டெக்கில் போடக்கூடாது; நாடாவும் கிழியலாம், ஹெட்டிலும் அழுக்கு ஏறும், அடுத்துப் போடும் கசெற்றும் பழுதாகும். டெக்கில் எஸ்-வீடியோ வழி இருந்தால் மஞ்சள் வயரை விட்டுவிட்டு அதைப் பாவியுங்கள். மலிவான யுஎஸ்பி பிடிப்பான்கள் நாடா தளம்பும் இடங்களில் பிறேம்களைத் தவறவிடும், அரைமணியில் சத்தம் படத்தைவிட்டு விலகும். அந்தத் தளம்பலைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் உள்ள டெக் கிடைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். இழப்பில்லாத முறையில் பிடித்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 30 ஜிபி அளவில் வரும். ஒரு ஹார்ட் டிஸ்க்கில் அதையும் வாங்கி வையுங்கள். படத்தின் அடியில் ஓடும் கிழிந்த கோடுகளைப் பழைய குழாய் ரிவி மறைத்துவிடும், தட்டை ரிவி காட்டும். அந்த எட்டுப் பத்து வரிகளைக் கறுப்பால் மூடச் சொல்லுங்கள். வெட்டி இழுத்தால் உருவத்தின் அளவு குழம்பும்.

கசெற் எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். 1995 இடப்பெயர்வோடு வீட்டுக் கசெற்றைத் தொலைத்துவிட்டு, முன்பு வெளிநாட்டுக்கு அனுப்பிய கொப்பியைத் திரும்ப வாங்கிய குடும்பங்கள் உண்டு. கனடாவில் மாற்றி எடுத்த கொப்பி என்றால் வட அமெரிக்க ரிவி முறையான என்ரிஎஸ்சி, 480 வரி. அதை 576 ஆக்காமல் அப்படியே வையுங்கள். பிரான்சில் பதிந்தது சேகாம் முறையாக இருக்கலாம். எங்கள் ரிவி முறையான பால் (PAL) டெக்கில் போட்டால் நிறமில்லாமல் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். கசெற் பழுதென்று நினைத்து அப்படியே பிடித்துவிட வேண்டாம், சேகாம் வாசிக்கும் டெக் தேட வேணும்.

இன்னொரு பிழை, வரி ஒழுங்கு. கசெற்றில் ஒவ்வொரு பிறேமும் மேல் வரிகள், கீழ் வரிகள் என்று ஒன்றுவிட்டொன்றாக இரண்டு பாதியாக ஓடும்; எது முதலில் என்பதுதான் அது. மினி டிவி (MiniDV) எனும் சின்ன டிஜிட்டல் கசெற்றில் இருந்து எடுத்தது எப்போதும் கீழ் வரி முதலில் வரும். அனலொக்கில் பிடித்தது பெரும்பாலும் மேல் வரி முதலில். இதை மாறி அடையாளமிட்டால் ஆட்கள் நடக்கும்போது முன்னும் பின்னும் உதறுவார்கள். நிற்கிற காட்சியில் தெரியாது. தாலி கட்டிய பிறகு மணவறையைச் சுற்றி வருகிற இடத்தில் பாருங்கள், உடனே பிடிபடும்.

படத் தொகுப்புக்கு வருவோம். இங்கேதான் பலர் தலைகீழாக முடிவெடுக்கிறார்கள், 'பழைய படம்தானே, எஸ்டி போதும்' என்று. 4×6 அங்குலப் பிரதியை 300 டிபிஐயில் ஸ்கான் செய்தால் 1800×1200 புள்ளி வருகிறது. அது 1080 வரியைவிடக் கூட. 1970களின் கறுப்பு வெள்ளை ஸ்ரூடியோப் படம் ஒன்று, 1990களின் கசெற்றைவிடப் பல மடங்கு விபரம் வைத்திருக்கும். அதை 576 ஆக்கினால் பாதிக்கு மேல் போய்விடும். அதோடு எஸ்டியில் வரி இரண்டு பாதியாகப் பிரிந்து ஓடுவதால், சேலைக்கரை போன்ற மெல்லிய கோடுகள் படம் மெதுவாக நகரும்போது மினுங்கும்.

எழுத்துக்கும் இதே கதி. தமிழ் எழுத்தில் மெய்யின் புள்ளி எஸ்டியில் ஒன்றிரண்டு வரி உயரமே வரும். அது மினுங்கி மறைந்தால் 'ன்' எல்லாம் 'ன' ஆகிவிடும். மஞ்சள் பின்னணியில் குங்குமச் சிவப்பு எழுத்து எங்கள் ஆட்களுக்கு விருப்பமான சேர்க்கை. ஆனால் டிஸ்க்கில் நிறத்துக்கான விபரம் இரு பக்கமும் பாதிதான் சேமிக்கப்படுகிறது, ஆகவே சிவப்பு ஓரம் கசியும். எச்டியில் கசிவு தெரியாத அளவுக்குச் சின்னதாகும். எஸ்டியில்தான் போட வேணுமென்றால் வெள்ளை எழுத்து, கறுத்த பின்னணி, தடித்த எழுத்துரு.

வாழ்த்து வீடியோக்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பியது நெருக்கப்பட்டுத்தான் வரும், அதை 1080 ஆக்கிப் பயனில்லை. 'டொக்கியுமென்ற்' ஆக அனுப்பச் சொல்லித் திரும்ப வாங்குங்கள். மூல பைல் அப்படியே வரும். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தவை 1080 வரித் திரையில் 608 புள்ளி அகலம் பிடிக்கும். எஸ்டியில் அது 324 ஆகிவிடும், பெரியம்மா ஒரு கீலத்துக்குள் நிற்பார். எனவே நிமிர்ந்த வீடியோக்களுக்கு எச்டி வேணும். போன் வீடியோவில் பிறேம் வேகம் ஒரே சீராக இராது; எடிற்றிங்கில் போட முதல் ஹான்ட்பிறேக் என்ற மென்பொருளில் நிலையான பிறேம் வேகத்துக்கு மாற்றாவிட்டால் வாய் ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கமாகும். இந்தப் பகுதியில் படத்தைவிடச் சத்தத்தைக் கவனியுங்கள். ஒருவர் கத்த மற்றவர் முணுமுணுப்பார். எல்லாவற்றையும் கலியாணப் பகுதியின் சத்த அளவுக்குக் கொண்டுவர வேணும்.

இனி டிஸ்க்கில் இடம். ஒற்றைத் தட்டுப் புளூரே 25 ஜிபி. கலியாணம் 9000 செக்கன், வீடியோவும் சத்தமும் சேர்த்து செக்கனுக்கு 16.45 மெகாபிட் என்றால் 18.5 ஜிபி. கசெற்றை எஸ்டியில் 6.2 மெகாபிட்டில் வைத்தால் 1.9, படத்தொகுப்பு 1080இல் 12.2 மெகாபிட்டில் 1.1, வாழ்த்துகள் 8.2 மெகாபிட்டில் 1.2. மொத்தம் 22.7 ஜிபி. மெனுவுக்கும் இடம் மிஞ்சும். கசெற்றையும் 1080 ஆக்கி 16.2 மெகாபிட் கொடுத்தால் அது மட்டும் 4.9 ஜிபி, மொத்தம் 25ஐத் தாண்டும். பிறகு கலியாணத்தின் தரத்தைத்தான் குறைப்பார்கள், அல்லது 50 ஜிபி டிஸ்க்குக்குக் காசு கேட்பார்கள். எச்டியும் எஸ்டியும் ஒரே டிஸ்க்கில் இருப்பதற்குத் தடையில்லை, ஒவ்வொன்றும் தனியே ஓடும் பகுதியாக இருந்தால் சரி. மாறும்போது ரிவி ஓரிரு செக்கன் கறுத்துத் திரும்பும், அது பழுதில்லை. கடையில் வாங்கும் படங்களின் புளூரேக்களிலும், 2006இல் புளூரே வந்த தொடக்க காலத்தில், பழைய டிவிடிக்குச் செய்த மேலதிகங்கள் எஸ்டியிலேயே நிறைய வந்தன.

சரி, 50ஆ 60ஆ. இலங்கையும் ஐரோப்பாவும் பால் வழி, செக்கனுக்கு 25 பிறேம், 50 ஹேர்ட்ஸ். கனடா 59.94. வட அமெரிக்காவுக்கென்று விற்ற புளூரே பிளேயர்கள் பலவும் 50 ஹேர்ட்ஸ் படத்தை ஏற்காது, அது 1080 ஆனாலும் 576 ஆனாலும் ஒன்றுதான். ஐரோப்பியப் பிளேயர்கள் அநேகமாக இரண்டையும் ஓட்டும். ஆகவே ஒரே டிஸ்க்கை எல்லா நாட்டுக்கும் அனுப்புவதென்றால் கனடாவுக்குப் பொருந்துவதாகச் செய்யுங்கள். வீட்டில் எழுதும் டிஸ்க்கில் பிராந்தியக் குறியீடு இராது, அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை.

கலியாணத்தை 25 பிறேமில் எடுத்திருந்தால், 4 வீதம் மெதுவாக்கி 23.976 ஆக்கலாம், 1080இல் எல்லா இடமும் ஓடும். ஒரு மணித்தியாலம் 62½ நிமிடமாகும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சுருதியைத் திருத்தாமல் விட்டால் நாதஸ்வரத்தின் சுருதி காதுக்குத் தெரியும் அளவுக்கு இறங்கும்; ராகம் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அன்றைக்கே போன் வரும். இன்னும் படம் பிடிக்கவில்லை என்றால் கமராவை 23.976இல் வைக்கச் சொல்லுங்கள். ஷட்டர் 1/50, இல்லாவிட்டால் 1/100. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் 1/60இல் மண்டபத்து ரியூப் லைட் துடிக்கும்.

கசெற்றுக்கு அந்த 4 வீத வழி சரிவராது. அதில் செக்கனுக்கு 50 அசைவுகள் இருக்கின்றன, பாதியை இழந்துவிடும். கியூரிஜிஎம்சி (QTGMC) போன்ற மென்பொருள் முறையில் பாதி வரிகளை நிரப்பி 50 முழுப் பிறேம் ஆக்கி, அதை 59.94க்கு மாற்றி, திரும்ப இரண்டு பாதியாக ஓடும் 720×480இல் வையுங்கள். இல்லாவிட்டால் 720 வரியில் 59.94. இது ஒன்றுதான் கசெற்றைச் சிறிது பெருப்பிப்பதற்கு நியாயமான காரணம்: பாதி வரிகளை முழுப் பிறேம் ஆக்கும் வேலையைப் பார்ப்பவரின் ரிவியிடம் விடாமல் நாங்களே நல்லபடி செய்து முடிக்கலாம். பழைய ரிவி வடிவமான 4:3 என்ற அடையாளம் போட மறந்தால் மாப்பிள்ளையும் பொம்பிளையும் அகலித்துப்போவார்கள்.

சிலருக்கு டிவிடிதான் வேணுமென்றால் எச்டிப் பேச்சே இல்லை, எல்லாம் எஸ்டி. 4.7 ஜிபி டிஸ்க்கில் கலியாணம் மட்டும் என்றால் செக்கனுக்கு 4.2 மெகாபிட் கிடைக்கும். 72 நிமிட மேலதிகங்களையும் அதிலேயே திணித்தால் 2.8, மலர் தூவுகிற இடத்தில் படம் சதுரம் சதுரமாக உடையும். மேலதிகத்தை இரண்டாவது டிஸ்க்கில் போடுங்கள்.

எழுதி முடித்ததும் பைல்களை மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருளில் திறந்து, பிறேம் வேகம் 23.976 அல்லது 59.94 (வரி இரண்டு பாதியாக ஓடுவதென்றால் 29.97) என்று இருக்கிறதா பாருங்கள். 25, 50 என்று எங்காவது வந்தால் அந்தப் பகுதி கனடாவில் ஓடாமல் போகலாம். மிச்சக் கொப்பிகளை எழுத முதல் ஒன்றை மட்டும் ரொறன்ரோவுக்கு அனுப்பி, மூன்று மேலதிகத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். சும்மா 'ஓடுதோ' என்று கேட்டால், தாலிகட்டு வரைக்கும் பார்த்துவிட்டு 'ஓம், எல்லாம் நல்லா ஓடுது' என்றுதான் சொல்லுவினம்.