வேணியர் இடுக்கியைத் தொடாமலே பௌதிகவியல்

போன சனிக்கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாயும் தகப்பனும், உயர்தரத்துக்கு எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று கேட்க, மகனைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். சாதாரண தரப் பெறுபேறு வந்திருக்கிறது. விஞ்ஞானத்துக்கு ஏ, கணிதத்துக்கு பி. தகப்பனுக்குப் பழைய சோனகத் தெருவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. கனடாவிலிருக்கும் பெரியப்பா ஒரு நாள் விட்டு ஒரு நாள் போன் எடுத்து, "மெட்ஸ் செய்ய விடு, எங்கட குடும்பத்தில ஒரு எஞ்சினியர் வேணும்" என்கிறாராம். தாய்க்கு நித்திரை இல்லை.

பயப்பட வேண்டாம், இந்தப் பெறுபேற்றோடு உயர்தரம் படிக்கலாம் என்று முதலில் சொன்னேன். பிறகு தம்பியோடு தனியாகக் கதைத்தேன். எரிந்துபோன நீர்ப்பம்பி மோட்டருக்குக் கம்பி சுற்றுவது எப்படி என்று பத்து நிமிடம் நிறுத்தாமல் சொன்னான். கணிதப் பிரிவின் முக்கிய பாடமான இணைந்த கணிதம் என்றதும் பேச்சு நின்றுவிட்டது. அதோடு நானும் ஆறுதல் சொல்வதை நிறுத்தினேன். ஐயா, தம்பியைக் கணிதப் பிரிவில் சேர்க்க வேண்டாம்.

கணிதப் பிரிவுக்குப் போனால் பிள்ளை ஆய்வுகூடத்தில் செய்து பார்த்துப் படிப்பான் என்று நினைக்கிறீர்கள். மஹரகமவில் தேசிய கல்வி நிறுவகம் எழுதும் பாடத்திட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. 2007 சீர்திருத்தத்தோடு வந்த ஆசிரியர் வழிகாட்டிகளும் பிள்ளை தானே செய்து கற்க வேண்டும் என்றுதான் சொல்கின்றன. ஆனால் உயர்தரப் பௌதிகவியலுக்குச் செய்முறைப் பரீட்சை கிடையாது. பரிசோதனைகள் அமைப்புக் கட்டுரை வினாக்களாகத் தாளில் வருகின்றன. படத்தைப் பார்த்துப் பழகியவனும் அதற்குப் பதில் எழுதிவிடலாம். பாடத்திட்டத்தின் முதல் அலகே அளவீடு. சிறிய நீளங்களை அளக்கும் கருவியான வேணியர் இடுக்கியின் வாசிப்பைப் படத்தில் பிழையில்லாமல் எடுத்துவிட்டு, அதே இடுக்கியைக் கையில் கொடுத்தால் உள்விட்டத்தை எந்தத் தாடையால் அளப்பது என்று தடுமாறும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியர்களில் பிழை சொல்ல மாட்டேன். எல்லாம் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியில் தங்கியிருக்கிறது, கொழும்பு மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளியும் உயரம். பெற்றோரே "சேர், பாடத்தைக் கெதியா முடியுங்கோ" என்று கேட்கிறார்கள். அப்புறம் ஆய்வுகூடம் பூட்டிக் கிடக்கும். பிள்ளை தியரி, ரிவிஷன், பேப்பர் கிளாஸ் என்று பஸ் ஏறும். எழுத்தில் தேறும் பிள்ளைக்கு அது சரி. உங்கள் மகன் கையால் கற்கிறவன்.

அவனுக்கு நான் சொல்வது தொழினுட்பவியல் பிரிவு. 2013இல் தொடங்கி, 2015இல் முதல் தொகுதி பரீட்சை எழுதியது. மற்றப் பிரிவு கிடைக்காதவர்கள் போகும் இடம் என்று இன்னும் நினைக்கிறோம். அந்த நினைப்பால் எத்தனையோ நல்ல பிள்ளைகளை இழந்திருக்கிறோம். இதில் பொறியியல் தொழினுட்பவியலை எடுத்தால் கட்டடம், இயந்திரம், மின், இலத்திரனியல், மோட்டர் வாகனம் எல்லாமே வரும். கூடவே தொழினுட்பத்திற்கான விஞ்ஞானம். தம்பி விரும்பும் பௌதிகவியலின் அடிப்படை இதற்குள் இருக்கிறது. கொஞ்சம் இரசாயனவியல், உயிரியல், கணிதமும் உண்டு. மூன்றாவது பாடமாகத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலை எடுக்கலாம். முக்கியமாக, பொறியியல் தொழினுட்பவியலுக்குச் செய்முறைப் பரீட்சை இருக்கிறது. அதனால்தான் பட்டறையைத் திறக்காமல் பாடத்தை முடிக்க முடியாது. பாடசாலைகள் அதே பாடசாலைகள்தான். பரீட்சை கேட்பது மாறியதும் வகுப்பறையும் மாறிவிட்டது.

மேற்படிப்புக்கும் வழி இருக்கிறது. இந்தப் பிரிவுப் பிள்ளைகளுக்கென்றே அரச பல்கலைக்கழகங்களில் தொழினுட்பப் பீடங்கள் உண்டு. கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகங்களின் பீடங்கள் ஹோமாகமப் பக்கம் பிட்டிபனையில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினுடையது கிளிநொச்சியில். நான்கு வருட கௌரவப் பட்டம், கற்கைக் கட்டணம் இல்லை. அங்கே படிப்பு ஆங்கிலத்தில் என்பதால் தம்பி இன்றைக்கே ஆங்கிலத்தைத் தொடங்க வேண்டும். பெரியப்பாவிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள்: இந்தப் பட்டத்தால் பட்டயப் பொறியியலாளர் என்ற பெயர் நேரடியாகக் கிடைக்காது. தொழினுட்பவியலாளருக்கு வேறு ஏணி.

தாய் கேட்டார், மெட்ஸ் செய்து இசட் புள்ளி போதாமல் போனால் வீட்டு உறுதியை அடகு வைத்துத் தனியாரிடம் எஞ்சினியரிங் படிப்பிக்கலாமா என்று. கூடாது, அம்மா. ஒரு கடைச் சம்பளத்தில் கட்ட முடியாத கடன் அது, பின்னால் இருக்கும் தங்கச்சியின் படிப்பையும் அது தின்றுவிடும். படிப்புச் செலவில் ஒரு சதமும் தராத சொந்தக்காரர் பாடத்தைத் தெரிவு செய்யவும் வேண்டாம்.

வருகிற கிழமை பாடசாலைகளுக்கு நேரே போங்கள். எல்லாப் பாடசாலையிலும் இந்தப் பிரிவு இல்லை, தமிழ் மொழிமூலம் என்றால் இன்னும் விசாரித்துத்தான் பார்க்க வேண்டும். பொறியியல் தொழினுட்பவியலுக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று அதிபரிடம் கேளுங்கள். பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். லேத் மெஷினில் தூசி படிந்திருந்தால் அடுத்த பாடசாலையைப் பாருங்கள். தம்பியைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், அவனுக்குத்தான் பார்த்ததும் தெரியும். பெரியப்பாவின் நம்பரை எனக்கு அனுப்புங்கள், நான் பேசுகிறேன்.