ஊரடங்குக் கடன்கள்: மதுரைச் சிறுதொழில் செய்வோரின் கேள்விகளுக்குப் பதில்

மதுரை, 2021 ஜூலை 11

ஜூலை 5 முதல் கடைகள் திறந்துவிட்டன. உணவகங்களில் பாதி இருக்கைகளில் உட்கார்ந்து சாப்பிடலாம், துணிக்கடைகளில் ஆடி விற்பனைக்குத் தட்டிகள் கட்டுகிறார்கள். கடை திறந்த மறுநாளே கடன்காரர்களும் வந்துவிட்டார்கள் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். வங்கியில் 31 ஆண்டுகள், அதிலும் பெரும்பகுதி சிறுதொழில் கடன் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். இதில் வரும் விதிகள், விகிதங்கள், கடைசித் தேதிகள் எல்லாம் 2021 ஜூலை நிலவரம்.

தெற்குமாசி வீதிப் பக்கம் பரோட்டாக் கடை வைத்திருப்பவர்: ஐயா, போன வருடம் மத்திய அரசின் கொரோனா நிவாரணம் இருபது லட்சம் கோடி என்று டி.வி.யில் சொன்னார்கள். என் கடைக்கு ஒரு ரூபாய் வரவில்லை. அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன், அங்கே கடைக்காரர்களுக்கு அரசாங்கமே சம்பளப் பணம் கொடுத்தது என்கிறான். நமக்கு ஏன் இல்லை? வங்கியில் 6 லட்சத்துக்கு சி.சி. (வேண்டியபோது எடுத்துக் கட்டும் ரொக்கக் கடன்) கணக்கு வைத்திருக்கிறேன்.

உங்கள் அக்கா மகன் சொல்வது உண்மை. அங்கேயும் கடன் என்ற பெயரில்தான் கொடுத்தார்கள். ஆனால் அதில் குறைந்தது 60 சதவீதத்தை ஆட்களின் சம்பளத்துக்கும் மீதியை வாடகை போன்ற செலவுகளுக்கும் குறித்த காலத்துக்குள் செலவழித்தால் கடனைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

நம் நாட்டில் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த 20 லட்சம் கோடியில் சுமார் 8 லட்சம் கோடி, ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குப் பணப்புழக்கம் கூட்ட எடுத்த நடவடிக்கைகள். உங்களைப் போன்றவர்களுக்கான பெரிய அறிவிப்பு 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம். போன மாதம் 28-ஆம் தேதி அதை 4.5 லட்சம் கோடியாக உயர்த்தியிருக்கிறார்கள். அது உங்களுக்குக் கொடுத்த பணம் அல்ல. நீங்கள் கட்டாவிட்டால் வங்கிக்கு நாங்கள் பொறுப்பு என்று அரசு வங்கிக்குக் கொடுத்த வாக்கு. கடன் உங்கள் தலையில்தான் இருக்கிறது. அரசு உத்தரவால் பூட்டிய கடைக்கு வாடகையும் மாஸ்டர் சம்பளமுமாவது திரும்பக் கேட்காத பணமாக வந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. இதைப் பதவியில் இருந்த காலத்திலும் சொல்லியிருப்பேன்.

இனி உங்கள் கணக்கு. 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த தொகைதான் அடிப்படை. அன்று நீங்கள் 60 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருக்கக் கூடாது. 6 லட்சம் நிலுவை என்றால் 20 சதவீதம், அதாவது 1,20,000 ரூபாய், புதிய அடமானம் இல்லாமல், உத்தரவாதக் கட்டணம் இல்லாமல் கிடைக்கும். வங்கி அதிகபட்சம் 9.25 சதவீத வட்டிதான் வாங்கலாம். முதல் ஒரு வருடம் வட்டி மட்டும், மாதம் 925 ரூபாய். அடுத்த மூன்று வருடம் மாதம் சுமார் 3,830 ரூபாய். உணவகம் என்பதால் இதே திட்டத்தில் இந்த ஆண்டு வந்த மூன்றாம் கட்டத்தில் 40 சதவீதம் வரை கேட்கலாம். ஏற்கெனவே 20 வாங்கியிருந்தால் மீதி 20. அந்தக் கட்டத்துக்குத் தவணைக்காலம் 6 வருடம், அதில் முதல் 2 வருடம் அசல் கட்ட வேண்டாம்.

கிடைக்கிறது என்பதற்காக வாங்காதீர்கள். பழைய சி.சி. வட்டியோடு இந்தத் தவணையையும் சேர்த்து, பாதிக் கூட்டத்தில் ஓடும் கடையால் தாங்க முடியுமா என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தண்டல்காரரிடம் வாங்கியதை அடைக்க என்றால் கட்டாயம் வாங்குங்கள். அந்த வட்டிக்கு இது எவ்வளவோ மேல்.

விளக்குத்தூண் அருகே ரெடிமேட் கடை: என் அப்பா காலத்திலிருந்து வங்கியில் கடன் வாங்கியதே இல்லை. கடன் இல்லாததால் உத்தரவாதக் கடனும் கிடையாது என்று கிளையில் சொல்லிவிட்டார்கள். நேர்மையாக இருந்ததற்குத் தண்டனையா?

தம்பி, இந்த வாரம் வந்த கேள்விகளில் என்னைத் தூங்கவிடாத கேள்வி இதுதான். கிளையில் சொன்னது விதிப்படி சரி. ஏற்கெனவே கடன் இருப்பவருக்கு மேலும் கடன் கொடுக்கும்படிதான் திட்டத்தையே அமைத்தார்கள். வங்கிக்கு அவரைத் தெரியும், கணக்கு இருக்கிறது, ஒரு மாதத்தில் பணம் போய்ச் சேரும் என்பது அதற்குக் காரணம். அவசரத்தில் அது நியாயமான காரணமும்கூட. ஆனால் அதே அவசரத்தில், ரொக்கத்துக்குச் சரக்கெடுத்து ரொக்கத்துக்கு விற்றுச் சிக்கனமாக வாழ்ந்தவர்கள் முழுவதுமாக விடுபட்டுப் போனார்கள். கீழமாசி வீதியிலும் மேலமாசி வீதியிலும் இப்படிப்பட்ட குடும்பங்கள் எத்தனை என்று எனக்குத் தெரியும். கடன் கேட்டு வாருங்கள் என்று நானே அவர்கள் படியேறிக் கூப்பிட்டிருக்கிறேன். "வேண்டாம் சார், இருப்பது போதும்" என்று காபி கொடுத்து அனுப்புவார்கள்.

இன்று உங்களுக்கு ஒரு கதவு புதிதாகத் திறந்திருக்கிறது. சில்லறை, மொத்த வியாபாரிகளும் உத்யம் என்ற சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவைச் செய்துகொள்ளலாம் என்று இம்மாதம் 2-ஆம் தேதி ஆணை வந்தது. வியாபாரிகளுக்கு அதில் கிடைப்பது முன்னுரிமைக் கடன் என்ற தகுதி மட்டும்தான். அதுவே வங்கி உங்களைத் திரும்பிப் பார்க்கப் போதுமான காரணம், ஏனென்றால் அந்த வகையில் இவ்வளவு கடன் கொடுத்தாக வேண்டும் என்று வங்கிகளுக்கு இலக்கு இருக்கிறது. பதிவுக்குக் கட்டணம் கிடையாது, ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் நீங்களே செய்யலாம். ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் இணையதளங்கள் அரசுடையவை அல்ல.

பிறகு முத்ரா என்ற சிறுதொழில்களுக்கான அரசுத் திட்டக் கடன் கேளுங்கள். 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். அடமானம் கேட்கக் கூடாது. கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். இன்னொன்று: தினமும் வரும் ரொக்கத்தை வீட்டில் வைக்காமல் நடப்புக் கணக்கில் கட்டி எடுங்கள். ஆறு மாதக் கணக்கு அறிக்கை கையில் இருந்தால் மேலாளரிடம் பேசும் பேச்சே மாறிவிடும்.

வாடிப்பட்டி, மாவு மில்: போன வருடம் ஆறு மாதம் தவணையைத் தள்ளி வைத்தேன். 3 லட்சம் பாக்கி, 12 சதவீத வட்டி, மாதம் 10,000 தவணை. ஆனால் வங்கி ஒன்பது மாதம் நீட்டியிருக்கிறது. வட்டிக்கு வட்டி திருப்பித் தருகிறோம் என்று 456 ரூபாய் போட்டிருக்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

இல்லை, இரண்டு கணக்குமே சரி. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தள்ளி வைத்தது தவணையை, வட்டியை அல்ல. அந்த ஆறு மாத வட்டி 18,456 ரூபாய் அசலோடு சேர்ந்துவிட்டது. 36 தவணையில் முடிய வேண்டிய கடன் 39 ஆனது. தள்ளிய 6, கூடிய 3, ஆக 9.

நவம்பர் 5-க்குள் அரசு திருப்பித் தந்தது கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். லட்சத்துக்கு 152 ரூபாய், உங்கள் 3 லட்சத்துக்கு 456. 2 கோடிக்குள் கடன் இருந்தவர்களுக்கு, தவணை கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் அதே கணக்கில் கொடுத்தார்கள். கையில் பணம் இருந்தும் "எல்லாரும் தள்ளுகிறார்கள்" என்று தள்ளியவர்கள் நிறையப் பேர். கிளைகளில் ஒருவராவது உட்கார வைத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியிருக்க வேண்டும். கையில் கொஞ்சம் சேர்ந்தால் அசலில் கட்டிவிடுங்கள்.

செக்கானூரணியிலிருந்து ஒரு மகன்: அம்மா தினமும் பஸ்ஸில் வந்து சிம்மக்கல்லில் பூ விற்கிறார். இரண்டு வருடம் சித்திரைத் திருவிழா இல்லை, கல்யாணமும் இல்லை. மாநகராட்சி அடையாள அட்டையும் இல்லை. தெரு வியாபாரிகளுக்கான பிரதமர் ஸ்வநிதி கடன் கிடைக்குமா?

கிடைக்கும். சுற்றுக் கிராமத்திலிருந்து வந்து நகருக்குள் விற்பவர்களும் அதில் அடக்கம். 2020 மார்ச் 24-க்கு முன்பே விற்றுக்கொண்டிருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அட்டை இல்லாவிட்டால் மாநகராட்சியில் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். பக்கத்துக் கடைக்காரர்கள், சங்கத்துக் கடிதம் என்று எந்தச் சான்று இருந்தாலும் எடுத்துப் போங்கள். அம்மாவின் ஆதாரோடு கைபேசி எண் இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பலருக்கு அங்கேதான் நின்றுபோகிறது.

10,000 ரூபாய், ஒரு வருடத் தவணை, ஜாமீன் இல்லை. ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் கணக்குக்கு வரும். கடையில் கியூ.ஆர். அட்டை வைத்துப் பணம் வாங்கினால் மாதம் 100 ரூபாய் வரை தனியாகத் தருகிறார்கள். அதற்கு மாதம் 200 பரிவர்த்தனை வேண்டும், 50 முடிந்தாலே 50 ரூபாய். இரண்டும் சேர்ந்தால் கட்டும் வட்டிக்கு மேலேயே திரும்பி வரும். சிறு வியாபாரிகளுக்கான எல்லாத் திட்டங்களிலும் நான் மனதாரப் பாராட்டுவது இதைத்தான். காலையில் தண்டல்காரரிடம் 900 வாங்கி மாலையில் 1,000 கொடுக்கும் ஒரு பூக்காரம்மாவுக்கு இந்தப் பத்தாயிரம் என்ன செய்யும் என்பது மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விடியற்காலை நின்று பார்த்தால்தான் புரியும்.

திருமங்கலம், பாத்திரக் கடை: ஜி.எஸ்.டி. படிவம் ஒரு வருடமாகப் போடவில்லை. அபராதம் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 31-க்குள் போட்டுவிடுங்கள். 2021 ஏப்ரல் வரையிலான 3பி (மாத வரிக் கணக்கு) படிவங்களுக்குத் தாமதக் கட்டணம் ஒன்றுக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய், வரி ஏதும் இல்லாத மாதத்துக்கு 500. வரி பாக்கிக்கு வட்டி தனி.

சுங்குடி சேலை உற்பத்தி செய்பவர்: கோடையில்தான் எங்களுக்கு விற்பனை. இரண்டு கோடை போய்விட்டது. முடிச்சுப் போடும் பெண்களுக்கும் சாயப் பட்டறைக்கும் பாக்கி. 8 லட்சம் கடனில் மே மாதத்திலிருந்து தவணை நின்றுவிட்டது. கடன் மறுசீரமைப்பு (தவணையை மாற்றி அமைப்பது) கேட்டேன், "அதெல்லாம் இப்போது இல்லை" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இருக்கிறது. மே 5 அன்று ரிசர்வ் வங்கி இரண்டாம் முறையாக அறிவித்திருக்கிறது. 2021 மார்ச் 31 அன்று உங்கள் கணக்கு வாராக்கடன் ஆகாமல் இருந்திருக்க வேண்டும்; முந்தைய சுற்றில் மறுசீரமைப்புப் பெற்றிருக்கக் கூடாது. செப்டம்பர் 30-க்குள் வங்கி இதைத் தொடங்கியாக வேண்டும். தவணைக்கு இரண்டு வருடம் வரை ஓய்வு கொடுக்க இடமுண்டு. உத்யம் பதிவு இல்லையென்றால் உடனே செய்துவிடுங்கள்.

இனி வாய்மொழியாகக் கேட்காதீர்கள். ஒரு பக்கத்தில் விண்ணப்பம் எழுதி, ஊரடங்கு மாதங்களின் விற்பனைக் கணக்கை இணைத்து, கிளையில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். சிறு வியாபாரிகளின் விண்ணப்பத்துக்கு 30 நாளில் எழுத்துப்பூர்வமாக முடிவு சொல்ல வேண்டும் என்று அந்தச் சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. வராவிட்டால் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும், அடுத்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கும் போகலாம். கொரோனாவால் மறுசீரமைக்கப்பட்டது என்று உங்கள் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையில் பதிவாகும். அது உண்மைதான். வாராக்கடன் என்று பதிவாவதோடு ஒப்பிட்டால் அது சிறிய வடு.

புதூர் தொழிற்பேட்டை, லேத் பட்டறை: எனக்குக் கடனே வேண்டாம். ஒரு பெரிய கம்பெனி பத்து மாதமாக 4 லட்சம் தரவில்லை. கொரோனா என்கிறார்கள்.

அவர்களுக்குக் கொரோனா என்றால் உங்களுக்கு என்னவாம்? சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சிறுதொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம். ஒப்பந்தத்தில் அதற்கு மேல் எழுதியிருந்தாலும் செல்லாது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. இன்றைய விகிதம் 4.25, ஆக 12.75 சதவீதம். சரக்கு அனுப்பும் முன்பே பதிவு பெற்றிருந்தால் இதற்கென உள்ள சமாதான் என்ற அரசு இணையதளத்தில் புகார் பதியுங்கள். வழக்கை விசாரிக்கும் வசதி மன்றம் மதுரையிலேயே இருக்கிறது, சென்னைக்கு அலைய வேண்டாம். தீர்ப்பை எதிர்த்து அந்தக் கம்பெனி நீதிமன்றம் போனால் 75 சதவீதத் தொகையை முதலில் கட்ட வேண்டும். புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம் எனக்குப் புரிகிறது. பணமே தராத ஆர்டர் எதற்கு என்பதையும் யோசியுங்கள்.

மேலூர், மகளிர் குழு: ஊரடங்கிலும் நுண்கடன் நிறுவன ஆட்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

அம்மா, நீங்கள் வாங்கிய கடனை மறுக்க வேண்டாம், ஆனால் வாசலில் உட்கார அவர்களுக்கு உரிமை இல்லை. வழக்கமாகக் கூடும் பொது இடத்தில்தான் வசூலிக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறை அங்கே வராதவரிடம் மட்டுமே வீட்டுக்கு வரலாம். மேலே சொன்ன மறுசீரமைப்பு உங்களுக்கும் பொருந்தும், குழுவாக எழுதிக் கொடுங்கள். மிரட்டினால் காவல் நிலையத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் புகார் கொடுங்கள்.

ஜெய்ஹிந்துபுரம், அப்பளக் கம்பெனி: 22 பேர் வேலை செய்கிறார்கள். மாவு பிசையும் தம்பி ஒருவர் மே மாதம் கொரோனாவில் இறந்துவிட்டார். எட்டு வருடமாக எங்களோடு இருந்தவர். மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள். நான் கொடுத்த 20,000 எத்தனை நாளைக்கு வரும்? அரசு ஏதாவது தருமா?

இ.எஸ்.ஐ., பி.எஃப். இரண்டும் கட்டி வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தொழிலாளிக்கு நீங்கள் செய்த மிகப் பெரிய உதவி அதுதான்.

இ.எஸ்.ஐ.யில் போன மாதம் கொரோனா நிவாரணத் திட்டம் வந்திருக்கிறது. நோய் உறுதியாவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே அவர் பெயர் பதிவாகியிருக்க வேண்டும், நோய் உறுதியாவதற்கு முந்தைய ஒரு வருடத்தில் 70 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். அப்படியானால் அவருடைய சராசரி நாள் கூலியில் 90 சதவீதம் குடும்பத்துக்கு மாதாமாதம் வரும். கூலி 300 என்றால் நாளுக்கு 270. மறுமணம் செய்துகொள்ளாதவரை மனைவிக்கு அவர் பங்கு உண்டு, பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு.

பி.எஃப்.பில் அவர் சேமிப்பு தனி, குடும்ப ஓய்வூதியம் தனி. அதோடு காப்பீட்டுத் தொகையும் உண்டு: ஒரு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்தவருக்குக் குறைந்தது 2.5 லட்சம், அதிகபட்சம் 7 லட்சம். இந்த உயர்வு ஏப்ரல் 28-ஆம் தேதி அறிவிப்பு. பலருக்கு இன்னும் தெரியவில்லை.

வேண்டியவை: கொரோனா உறுதியான பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், மனைவி, குழந்தைகளின் ஆதார், பிறப்புச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம். படிவங்களில் முதலாளியின் கையெழுத்து வேண்டிய இடங்கள் உண்டு, அதை இன்றே போட்டுவிடுங்கள். கணவர் போய் இரண்டு மாதமான ஒரு பெண் தனியாக இரண்டு அலுவலகங்களின் வரிசையில் நிற்க முடியாது. நாளை திங்கட்கிழமை, நீங்களே உடன் போங்கள். ஏதாவது ஒரு தாள் இல்லையென்று திருப்பி அனுப்பினால் அதன் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு என்னிடம் வாருங்கள்.