ஏழு கார்டு தெரிகிறது, பாட்டு மட்டும் நின்றுவிடுகிறது

திருச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எனக்கு 44 வயது. சிறுவயதில் ஐந்து ஆண்டுகள் வாய்ப்பாட்டு கற்றேன். மகன் கல்லூரி விடுதிக்குப் போனபின் இரண்டு ஆண்டுகளாக மூலையில் கிடந்த அவனுடைய கிட்டாரைப் போன மாதம் கையில் எடுத்தேன். படத்தைப் பார்த்து ஏழு கார்டுகளை, அதாவது பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் விரல் பிடிகளை, மனப்பாடம் செய்துவிட்டேன். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்குள் பாட்டு நின்றுவிடுகிறது. எஃப் கார்டு வரவே இல்லை. விரல் நுனி எரிகிறது. என் விரல்கள் குட்டையானவை, அதனால்தானா? இந்த வயதில் இது தேவையா?"

தேவைதான் அம்மா, விட்டுவிடாதீர்கள். விரல் நீளத்தை மறந்துவிடுங்கள். எட்டு வயதுக் குழந்தைகள் இதே கார்டுகளைப் பிடிக்கிறார்கள். எனக்குச் சந்தேகம் முதலில் அந்தக் கிட்டாரின் மேல்தான்.

இரண்டு ஆண்டுகள் கிடந்த கம்பி துருப்பிடித்துச் சொரசொரப்பாகியிருக்கும், அதில் விரல் எரியாமல் என்ன செய்யும்? உலோகக் கம்பி பூட்டிய கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை ஏறக்குறைய 70 கிலோ விசையுடன் இழுத்துக்கொண்டிருக்கின்றன. கவனிக்காமல் விட்டால் கழுத்து மெல்ல வளைந்து, கம்பி உயர்ந்துவிடும். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட்டுகள். தலைப்பக்கத்திலிருந்து எண்ணி, ஒரு ஸ்கேலால் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே அளந்து பாருங்கள். இரண்டரை மில்லிமீட்டர் அளவு என்றால் சரி. மூன்றைத் தாண்டினால் தேர்ந்தவர்களுக்கே கை வலிக்கும். அடுத்து, மூன்றாவது ஃப்ரெட்டில் ஒரு கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் பாருங்கள். அங்கே ஒரு தாள் நுழையும் இடைவெளி போதும். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் அளவு இடைவெளி இருந்தால், கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் பதிந்திருக்கும் நட் உயரமாக இருக்கிறது என்று பொருள். உங்களுக்கு எஃப் வராததற்குப் பாதிக் காரணம் அதுவாக இருக்கலாம். இரண்டையும் கிட்டார் பழுது பார்ப்பவர் ஒரே நாளில் சரிசெய்துவிடுவார். அப்படியே 10 கேஜ் (கேஜ் என்பது கம்பியின் தடிமன் அளவு) மென்கம்பி மாற்றச் சொல்லுங்கள். ஆனால் அது நைலான் கம்பிக் கிட்டாராக இருந்தால் உலோகக் கம்பி பூட்டவே கூடாது, கம்பிகளை உடலோடு பிணைக்கும் பிரிட்ஜ் என்ற கட்டை பெயர்ந்துவிடும்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். ஏழு கார்டுகளை ஏழு படங்களாக மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். பாட்டு நடப்பதோ அந்தப் படங்களுக்கு இடையில். இ மைனரிலிருந்து ஏ மைனருக்கு விரல் போகும் வழியைக் கைக்குப் பழக்கியிருக்கிறீர்களா? தனிக் கார்டைப் பழகுவதை இன்றோடு நிறுத்திவிட்டு இரண்டிரண்டாகப் பழகுங்கள். ஏழில் நான்கை ஒதுக்கிவிட்டு இ மைனர், ஏ மைனர், டி ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இந்த மூன்று? நீங்கள் பாட்டு கற்றவர் என்பதால் உங்களுக்குச் சட்டென்று புரியும். கிட்டாரின் இ சுரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், இ மைனர் கார்டில் ஒலிப்பவை ச, க, ப. ஏ மைனரில் ம, த, ச. டி கார்டில் நி, ரி, ம. ஏழு சுரங்களும் வந்துவிட்டன பாருங்கள்! சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம் என்று வரிசைப்படுத்தினால் அது நடபைரவி ராகம். அந்தச் சாயலில் ஓர் எளிய மெல்லிசைப் பாட்டை எடுத்துக்கொண்டால், எந்த இடத்தில் எந்தக் கார்டு என்று புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. பாட்டு காந்தாரத்திலோ பஞ்சமத்திலோ நின்றால் இ மைனர், தைவதத்தில் நின்றால் ஏ மைனர், ரிஷபத்திலோ நிஷாதத்திலோ நின்றால் டி. ஷட்ஜமும் மத்யமமும் இரண்டிரண்டு கார்டுகளில் வருவதால் அங்கே காது முடிவு செய்யட்டும். கீர்த்தனைகளை மட்டும் இப்படிப் பாட வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து. கமகத்தில் அசையும் சுரத்துக்குக் கீழே அசையாத கார்டு நின்றால் ராகம் மூச்சு முட்டிப்போகும்.

முதல் வாரம் இ மைனரும் ஏ மைனரும் போதும். மிக மெல்லியது ஒன்றாம் கம்பி, மிகத் தடித்தது ஆறாம் கம்பி. இ மைனருக்கு நடுவிரல் ஐந்தாம் கம்பியில், மோதிர விரல் நான்காம் கம்பியில், இரண்டும் இரண்டாவது ஃப்ரெட்டில். அந்த இரு விரல்களும் ஒட்டிக்கொண்டே மெல்லிய கம்பிப் பக்கமாக ஒரு கம்பி கீழே இறங்கட்டும், ஆள்காட்டி விரல் இரண்டாம் கம்பியின் முதல் ஃப்ரெட்டில் சேரட்டும். ஏ மைனர் வந்துவிட்டது. விரல்களைப் பிரிக்காமல் ஒரே குடும்பமாக நகர்த்துவதுதான் இதில் முக்கியம். ஃப்ரெட் உலோகத்தை ஒட்டி அதன் பின்னால் அழுத்தினால் பாதி விசையே போதும், கம்பி இரையாது. இடக்கை நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். டி அடுத்த வாரம் வரட்டும். அதற்கு விரல்கள் மொத்தமாக இடம் மாறவேண்டியிருப்பதால் நாள் பிடிக்கும்.

தாளத்துக்கு உங்களிடம் ஆதி தாளம் இருக்கிறது. லகுவின் நான்கு எண்ணிக்கைக்கு ஒரு கார்டு, இரண்டு த்ருதங்களின் நான்கு எண்ணிக்கைக்கு அடுத்தது. எண்ணிக்கைக்கு ஒரு முறை வலக்கையால் கம்பிகளைக் கீழ்நோக்கி மீட்டுங்கள், மிக மெதுவாக. இடக்கை சேர்வதற்குள் எண்ணிக்கை வந்துவிட்டாலும் வலக்கை நிற்கக் கூடாது. விரல் அழுத்தாத கம்பி அபசுரமாக ஒலித்தாலும் ஒலிக்கட்டும். நிறுத்தி, விரலைச் சரிசெய்து, மறுபடி தொடங்கும் பழக்கம்தான் உங்கள் பாட்டை நிறுத்திக்கொண்டிருக்கிறது. தினமும் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை கார்டு மாற்ற முடிகிறது என்று எண்ணிக் காலண்டரில் எழுதி வையுங்கள். முப்பதைத் தொட்டால் மெதுவான பாட்டு நிற்காமல் நடக்கும்.

குரலுக்கு இ ஒத்துவருமா என்று யோசிப்பீர்கள். பாடகர்கள் சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கில் இ என்பது மூன்று கட்டை. பெண்கள் பலருக்கு ஐந்தரை வசதி. நான்காவது ஃப்ரெட்டில் ஒரு கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) மாட்டினால் இதே இ மைனர் பிடி ஐந்தரைக் கட்டையில் ஒலிக்கும். அங்கே ஃப்ரெட்டுகளின் இடைவெளியும் குறைவு, குட்டை விரலுக்கு அது பெரிய உபகாரம்.

காலையில் பதினைந்து நிமிடம், மாலையில் பதினைந்து நிமிடம் வாசியுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சேர்த்து உட்காருவதைவிட இது மேல். விரல் நுனி எரிச்சல் சில வாரங்களில் தோல் தடித்ததும் போய்விடும். மணிக்கட்டிலோ கட்டைவிரல் அடியிலோ வலி வந்தால் மட்டும் அன்றைக்கு வைத்துவிடுங்கள், அதைப் பொறுத்துக்கொண்டு வாசிக்கக் கூடாது. வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் கம்பியைத் துடைத்து வையுங்கள்.

எஃப் கார்டில் ஆள்காட்டி விரல் ஆறு கம்பிகளையும் படுத்தபடி அழுத்த வேண்டும், அதுவும் நட்டை ஒட்டி, கம்பி மிக விறைப்பாக இருக்கும் இடத்தில். ஒரு மாதத்தில் அது யாருக்கும் எளிதில் வராது. பாட்டில் எஃப் வந்தால், சி கார்டைப் பிடித்து ஆள்காட்டி விரலை அசைக்காமல் மற்ற இரண்டு விரல்களையும் ஒரு கம்பி கீழே இறக்கி, நான்காம் கம்பியிலிருந்து மட்டும் மீட்டுங்கள். அது எஃப் மேஜர் செவன், எஃப்புக்கு மிக நெருங்கிய உறவு. முழு எஃப்பைப் பொங்கலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.