‘அது புக்ல இல்லையேம்மா!’

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் கதைப் புத்தகங்களைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறாள். யார் வந்தார், எங்கே போனார் என்று கேட்டால் டக்கென்று சொல்கிறாள். ‘ஏன் அப்படிச் செய்தார்?’ என்றால் மட்டும் முழிக்கிறாள். ‘அது புக்ல இல்லையேம்மா’ என்கிறாள். எப்படிச் சொல்லித் தருவது?

பதில்: அவள் சொல்வது உண்மைதான், அது புத்தகத்தில் இல்லை. எழுதாமல் விட்டதை வாசிப்பவர்தான் ஊகிக்க வேண்டும் என்பது இன்னும் அவளுக்குப் பிடிபடவில்லை.

இந்த மூன்று வரிகளை எழுதிக் கொடுங்கள்: ‘அப்பா நின்றபடியே டீ குடித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பாதி டம்ளரைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.’

ஏன் பாதியில் வைத்தார் என்று கேளுங்கள். ‘டீ நல்லா இல்ல’ என்று சொல்லக்கூடும். தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். ‘எந்த வரியைப் பார்த்து அப்படித் தோணுச்சு?’ என்று கேளுங்கள். திரும்பப் போய்த் தேடுவாள். நின்றபடி குடித்தது, கடிகாரம், வண்டி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அவசரம் என்று அவளுக்கே புரியும். அப்போதும் அதே கேள்வியைக் கேளுங்கள். தவறான பதிலுக்கு மட்டும் ஆதாரம் கேட்டால், கேள்வி வந்தாலே தப்பு என்று எடுத்துக்கொண்டு பதிலை மாற்றிவிடுவாள்.

தடுமாறினால் நீங்கள் வாசித்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக் காட்டுங்கள். தமிழில் வினைமுற்றே நல்ல துப்பு. ‘கதவு திறந்தது. உள்ளே வந்தார்’ என்றால் வந்தவர் பெரியவராகவோ மதிப்புக்குரியவராகவோ இருக்கலாம். ‘வந்தான்’ என்றால் கதை வேறு. பேச்சில் இதெல்லாம் குழந்தைகளுக்கு அத்துப்படி, வாசிக்கும்போதுதான் கவனிப்பதில்லை.

அப்புறம், கதை அவளுக்குத் தெரிந்த உலகத்தில் நடக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்கு பேஸ்பால் ஆட்டம் பற்றிய பத்தி ஒன்றைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட அதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பனிமலைக் கதையில் உங்கள் மகள் திணறினால், அவளுக்கு ஊகிக்கத் தெரியவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். ரேஷன் கடை வரிசை, கோயில் திருவிழா, பஸ் பயணம் வரும் கதைகளில் தொடங்குங்கள். ஒரு கதைக்கு ஒன்றிரண்டு கேள்வி போதும். வரிக்கு வரி நிறுத்தினால் வாசிப்பே கசந்துவிடும்.