மரத்துப்போன காது – கடிதம்

அன்புள்ள அண்ணா,

7 மாசம் முன்னாடி காதுக்குக் கீழ இருக்கற பரோடிட் உமிழ்நீர் சுரப்பில கட்டின்னு ஆபரேஷன் பண்ணாங்க. கேன்சர் இல்ல, முகமும் கோணல. ஆனா காது மடலும் தாடையோரமும் மரத்தே கிடக்கு. இது டாக்டர் தப்பா, உணர்ச்சி திரும்ப வருமா? இதுக்கெல்லாம் வருத்தப்படறது எனக்கே வெக்கமா இருக்கு. சாப்பிடறப்ப அந்தக் கன்னம் மட்டும் வேர்க்குது, அது பரவால்ல.

– ஒரு வாசகன்

தம்பி,

டாக்டர் தப்பான்னா, பெரும்பாலும் இல்ல. கழுத்துலேந்து காதுக்கு ஏறிப்போற உணர்வு நரம்பு அந்தச் சுரப்பிக்குப் போற வழியிலயே கிடக்கு, முன் கிளைய வெட்டாம பல சமயம் முடியாது, பின் கிளைய சிலருக்குக் காப்பாத்தலாம். மரத்த இடம் மெதுவா சுருங்கும், ஒரு வருஷம்கூட ஆகும், சிலருக்கு மடல் மட்டும் அப்படியே நின்னுடும். மிச்சத்த உன் சர்ஜன்கிட்ட கேளு.

எனக்குக் கோவம் அந்த வெக்கத்துலதான். யாருப்பா சொல்லிக்கொடுத்தா உனக்கு?

எங்க அத்தைக்கு இதே ஆபரேஷன். முகம் தப்பிச்சுதேன்னு சொல்லிச் சொல்லியே அவங்க வாய அடைச்சிட்டாங்க எல்லாரும். தோடு போடறப்ப தண்டு ஓட்டைல போச்சா சதைல குத்துச்சான்னு அவங்க விரலுக்குத்தான் தெரியும், காதுக்குத் தெரியாது. ஒருநாள் திருகாணிய மடலோட சேத்து இறுக்கிட்டு வேலைக்குப் போயிட்டாங்க, சாயங்காலம் தோள்ல ரத்தக்கறைய வேற யாரோ பாத்துச் சொல்லித்தான் தெரிஞ்சுது. யாரோட காதையோ ஒட்டி வெச்ச மாதிரி இருக்குடான்னாங்க.

இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் வாழ்க்கைத்தரம் எப்படின்னு ஆராய்ச்சியெல்லாம் இருக்கு, மரத்துப்போறதால பெரிய பாதிப்பில்லன்னுதான் பல இடத்துல பதில் வருது. வராம என்ன? கேன்சர் இல்லன்னு மூச்சு விட்டுட்டு இருக்கறவன்கிட்ட ஃபாரத்த நீட்டி தொந்தரவு எவ்வளவுன்னா பரவால்லன்னுதான் டிக் அடிப்பான். போன் காதுல படறது தெரியுதா, பிளேடு வெட்டினா தெரியுதா, எந்தப் பக்கம் படுக்கறன்னு கேட்டுப் பாரு.

நான் கேக்கறது ஒண்ணுதான், முன்னாடியே சொல்லணும். முக நரம்பு போனா கண்ணு மூடாது, வாய் கோணும், அதுதான் பெரிய பயம், மறுக்கல, அதுக்காக இது கஷ்டமே இல்லன்னு ஆயிடுமா? கையெழுத்து வாங்கற ஃபாரத்துல "மரத்துப்போகலாம்"னு ஒரு வரி இருக்குமாம், அந்த நேரத்துல எவன் அதப் படிக்கறான்? தோடு போடுவீங்களா, பிளேடுல ஷேவ் பண்ணுவீங்களான்னு ரெண்டு கேள்வி கேட்டு, இனிமே கண்ணாடி பாத்துப் பண்ணுங்கன்னு சொல்ல ரெண்டு நிமிஷம் ஆகுமா? கட்டு பிரிக்கறப்ப "அது அப்படித்தான் இருக்கும்"னு சொன்னா அது சொன்ன கணக்குல சேராது. முன்னாடி சொல்லணும், வாயால சொல்லணும்.

நீ பிளேட விட்டுட்டு எலக்ட்ரிக் ஷேவருக்கு மாறு, ஹேர் டிரையர் சூட்ட அந்தக் காதுகிட்ட கொண்டுபோகாத.

அப்புறம் அந்த வேர்வை. கடைசி வரில தள்ளிவிட்டிருக்க பாரு, மடையா, அதுக்குப் பேர் ஃப்ரே சிண்ட்ரோமா இருக்கலாம், லூசியா ஃப்ரேன்னு போலந்து டாக்டரம்மா 1923லயே விளக்கி எழுதினது. உமிழ்நீர சுரக்க வெக்கற நரம்பு இழை வெட்டுப்பட்டு திரும்ப வளரறப்ப வழி மாறி தோல்ல இருக்கற வேர்வைச் சுரப்பில போய் சேந்துக்கும், அதான் சாப்பிட்டா கன்னம் வேர்க்குது. அதுக்குப் போடாக்ஸ் ஊசி இருக்கு, போட்டா பல மாசம் தாங்கும். வைத்தியம் இருக்கறத பரவால்லங்கற. அடுத்த தடவ போறப்ப டாக்டர்கிட்ட மொத வேலையா அதச் சொல்லு.